ஆளில்லாத கார்டு பெட்டி

ரயில் வந்தால் ஊரே எஞ்சினைப் பார்க்கும். நம்மாள் மட்டும் சின்ன வயதிலிருந்தே எஞ்சின் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் வருகிற கார்டு பெட்டிக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். சரக்கு ரயிலின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்த சின்னப் பெட்டி அது. பின்பக்கம் கம்பி போட்ட ஒரு குட்டித் தாழ்வாரம், கூரையில் ஒரு புகைக்குழாய், உள்ளே, கொடியும் விளக்கும் காட்டுகிற கார்டு படுக்க ஒரு பலகை, குளிருக்கு ஓர் அடுப்பு. இப்போது அந்தப் பழைய மாதிரிப் பெட்டிகள் ஓடுவதில்லை. அவற்றின் பழைய புகைப்படங்களைச் சேர்ப்பதே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு முழுநேரத் தொழில். அதனால் நண்பர்கள் வைத்த பெயர் கடைசிப்பெட்டி. முதலில் முறைத்தார். பிறகு யாராவது போனில் யாரென்று கேட்டால், "கடைசிப்பெட்டி பேசறேன்" என்று அவரே சொல்லும் அளவுக்கு அதில் ஊறிப்போனார்.

குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போட்டவர். கோடு கோணினால் அவருக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவருக்கு, மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து கட்டுக்கட்டாகக் கார்டு பெட்டிப் படங்கள் கிடைத்தன என்றால் வேறென்ன வேண்டும்? பட்டறையில் பழுது பார்த்துப் புதுச் சாயம் அடித்ததும் ஒவ்வொரு பெட்டியையும் தனியாக நிறுத்திப் படம் எடுத்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம். கண்ணாடி நெகட்டிவ்களை யாரோ சுரண்டிக் கழுவிச் சன்னல் கண்ணாடியாகப் போட்டுவிட்டார்கள். அட்டைபோல் தடித்த தாளில் போட்ட பிரதிகள் மட்டும், நம்பருக்கு ஒன்றாக, மிஞ்சியிருந்தன.

அந்தப் படங்களில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓரத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். அப்போதெல்லாம் ஒவ்வொரு கார்டுக்கும் சொந்தமாக ஒரு பெட்டி உண்டு. படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் கார்டும் வந்து, சொந்த வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். பழைய ரயில் படம் சேர்ப்போர் சங்கத்தில் இதற்கு மதிப்பில்லை. பெட்டி முழுசாகத் தெரிய வேண்டும், நம்பர் படிக்க வரவேண்டும், குறுக்கே மரமோ மனிதனோ இருக்கக் கூடாது. "ஆள் நின்னா பெட்டியோட அழகு போச்சு" என்பது சங்கச் செயலாளரின் தீர்ப்பு. அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை.

எனவே கடைசிப்பெட்டி இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடால் ஆட்களை வெட்டினார். இதைச் சொல்ல எனக்கே ஒருமாதிரியாக இருக்கிறது. அவருக்கு அப்போது அப்படி எதுவும் இல்லை. நகம் வெட்டுகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஒருநாள் காப்பியோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"நல்லா களையா இருக்காரே, இவரைப் போய் எதுக்கு வெட்டுறீங்க?"

"இது என்ன கல்யாண ஆல்பமா?" என்று சிரித்தபடி அவர் வெட்டி முடித்தார்.

முதலில் வெட்டிய சில துண்டுகள் குப்பைக்குப் போயின. மற்றவற்றை அவர் வீணாக்கவில்லை. பிரேம் கடைக்காரர் எல்லா பிரேமையும் ஒரே அளவில், கொஞ்சம் ஆழமாகவே செய்து கொடுத்திருந்தார். உள்ளே படம் நிற்காமல் ஆடியது. அட்டை வாங்க யார் கடைக்குப் போவது? கையில் இருந்த துண்டை மடித்து, பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே முட்டுக் கொடுத்தார். எந்தப் படத்தில் வெட்டினாரோ அந்தப் படத்துக்குப் பின்னாலேயே செருகினார். படம் அசையாமல் நின்றது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

சங்க மண்டபத்தில் கண்காட்சி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டும் சீட்டுகளை மருமகள்தான் அழகாக அச்சடித்துக் கொடுத்திருந்தாள். புதிதாக வந்த மருமகள், மாமாவின் பைத்தியத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவள். வீட்டில் அவர் பேச்சை நின்று கேட்கும் ஒரே ஆள். கண்காட்சிக்கு அவள் தன் அம்மாவையும் வரச்சொல்லியிருந்தாள். சம்பந்தியம்மா மருந்துக்கடை நடத்துகிறவர், கணவர் இல்லை. தனியாளாகக் கடையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டவர். கடையை ஒருநாளும் பூட்டாதவர், அன்று பூட்டிவிட்டு, எடுத்து வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வந்ததும் வராததுமாக, "சம்பந்தி, நாற்பது பதினேழு இருக்கா?" என்று கேட்டார்.

"பெட்டி நம்பரா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பாவோட பெட்டி. கல்யாணப் பேச்சப்பவே சொல்ல வந்தேன். அப்பா ரயில்வேன்னு சொன்னதும் நீங்க பெட்டியைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க. நடுவுல புகுந்து கார்டுன்னு சொல்ல எனக்கு வழியே கிடைக்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசிப்பெட்டியும் சிரித்தார். நாற்பது பதினேழிலும் ஓர் ஆள் நின்றிருந்தது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அழைத்துக்கொண்டு போனார். நடு வரிசையில், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் அது தொங்கியது. சம்பந்தியம்மா கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் ஓரம் ஓரமாகத் தேடினார். இப்போதுதான் வெளியே போன ஒருவரைக் கேட்பது போல, "அப்பா எங்க?" என்றார்.

கடைசிப்பெட்டி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி அவர் கையில்தான் இருந்தது. அந்த ஆளை அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. உயரமானவர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கொஞ்சம் விரிந்த காதுகள். மனைவி களையாக இருக்கிறார் என்று சொன்னாரே, அவரேதான். பக்கத்தில் மருமகள் நின்றாள். அந்தப் பக்கம் செயலாளர், யாரிடமோ இவருடைய சேகரிப்பின் சுத்தத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"ஆள் யாரும் இல்லையே சம்பந்தி. வெறும் பெட்டிதான்" என்று அவர் வாய் சொன்னது.

"நின்னாராமே. அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். எனக்கு அப்பா முகமே தெரியாது, நான் கைக்குழந்தையா இருந்தப்ப போயிட்டார். வீட்டுல இருந்த படமெல்லாம் வெள்ளத்துல கூழாயிடுச்சு. இந்தப் படம் ஒண்ணுதான் எங்கயோ இருக்குன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. படம் எடுக்கறாங்கன்னு அப்பா கோட்டைத் துவைச்சாராம். காயலன்னு பெட்டியில இருக்கற அடுப்புல காட்டினாராம். கை ஓரம் தீஞ்சு போச்சாம். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டு நின்னாராம்."

ஆமாம், ஒரு கை பின்னால்தான் இருந்தது. பெரிய அதிகாரி தோரணை என்று நினைத்து வெட்டும்போது கேலி செய்ததுகூட அவருக்கு ஞாபகம் வந்தது.

"இது என்ன நிழல்?" படத்தின் ஓரத்தில், தரையில் நீண்டு கிடந்த கறுப்பைச் சம்பந்தியம்மா சுட்டிக்காட்டினார். ஆளை வெட்டலாம், பெட்டிக்கு முன்னால் விழுந்த நிழலை வெட்ட வழியில்லாமல் விட்டிருந்தார்.

"அது விளக்குக் கம்பம்."

"ஓ. ஒருவேளை அப்பா நின்னது வேற படமோ என்னவோ."

ஆமாம், வேறு படமாக இருக்கும் என்று சொல்லியிருந்தால் பொய்யோடாவது போயிருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் தன்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற திமிர் சமயம் பார்த்து முந்திக்கொண்டது. "நம்பருக்கு ஒரே படம்தான் எடுப்பாங்க சம்பந்தி. இன்னொண்ணு கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும்."

சம்பந்தியம்மா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார். பிறகு லேசாகச் சிரித்தார். "அப்ப அம்மாதான் கதை விட்டிருக்காங்க. பாவம், அப்பா இல்லாத குழந்தைக்கு எதையாவது சொல்லணுமே."

மருமகளுக்கு அம்மாவைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "மாமா, அம்மாவுக்கு இந்தப் படத்தையாவது குடுத்துடுங்களேன்" என்றாள். கொடுக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆணியிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். கூட்டம் கைதட்டியது. மனசு இருக்கு சார் உங்களுக்கு என்று செயலாளர் முதுகில் தட்டினார். சம்பந்தியம்மா பிரேமை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கக் கும்பிட்டார். கடைசிப்பெட்டிக்கு மண்டபத்தின் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பேருந்துக்குள், அடுத்த இடி இறங்கியது. அந்த பிரேமுக்குள் முட்டுக் கொடுத்திருந்தது என்ன என்பது அப்போதுதான் அவர் புத்திக்கு எட்டியது. அப்பா எங்கே என்று கேட்டவரிடம், அப்பாவை மடித்து, முதுகுப் பக்கம் செருகி, கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மருமகள்தான் திறக்க வைத்தாள். "அம்மா ஒருமாதிரி இருக்காங்க மாமா. பாட்டி சொன்ன இது பொய்னா, அப்பா நல்லவர், அப்பா உன்னைத் தூக்கிக்கிட்டே திரிவார்னு சொன்னதெல்லாமும் பொய்தானோன்னு கேக்கறாங்க. எதை நம்பறதுன்னே தெரியலையாம்." சொல்லிவிட்டுச் சாதாரணமாகச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவருக்குச் சாப்பிடாமலே கை கழுவி எழுந்துவிடத்தான் தோன்றியது.

மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி கேட்டுக்கொண்டே துணி மடித்தார். கடைசியில், "சொல்லுங்கன்னும் நான் சொல்லல, சொல்லாதீங்கன்னும் சொல்லல. அன்னைக்கு எதுக்கு வெட்டுறீங்கன்னேன், கேட்டீங்களா? இதையும் நீங்களே முடிவு பண்ணுங்க" என்று துணியை அலமாரியில் வைக்கப் போய்விட்டார்.

முடிவு பண்ணினார். அதுவும் மகா மட்டமான முடிவு. கண்ணாடியில் கீறல் இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று பிரேமை வாங்கி வந்துவிட வேண்டியது. துண்டை எடுத்து, சுருக்கம் நீக்கி, படத்தோடு ஒட்டி, தேடிப்பிடித்து இன்னொரு பிரதி வாங்கினேன் என்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. அப்பாவும் கிடைப்பார், அம்மாவும் பொய் சொல்லாதவர் ஆவார், தானும் மறுபடி நல்லவர் ஆகலாம். யோசிக்க யோசிக்க, செய்த பாவத்துக்கே இன்னொரு கைதட்டு வாங்கிவிடலாம் போல அவருக்குத் தோன்றியது. மருமகளிடம் கண்ணாடி மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சம்பந்தியம்மாவின் வீடு மருந்துக்கடைக்குப் பின்னாலேயே. ஒரே கூடம், ஒரு சமையலறை, எங்கும் மருந்து அட்டைப்பெட்டிகளின் வாசனை. நாற்பது பதினேழு கூடத்துச் சுவரில், அவருடைய இறந்துபோன அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கண்ணாடிக் கீறல் என்றதும் சம்பந்தியம்மா கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. "உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்று சொல்லிக்கொண்டே பிரேமைக் கழற்றி, அடிபடாமல் இருக்க ஒரு பழைய துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். காரியம் கச்சிதமாக முடிந்துவிட்டது. செருப்பு மாட்டினால் தீர்ந்தது.

வாசல்வரை வந்த சம்பந்தியம்மா, "ஒண்ணு சொல்லட்டுமா சம்பந்தி?" என்றார். "நேத்து அம்மா படத்துக்கு முன்னால நின்னு சண்டை போட்டேன். ஏம்மா பொய் சொன்னேன்னு கேட்டேன். செத்தவங்ககிட்ட கேக்கற கேள்வியா அது? கேட்டுட்டு ஒரே அழுகை. அவங்க இருந்தவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல."

கடைசிப்பெட்டி மாட்டிய ஒரு செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது. நாற்காலியில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

"ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருந்தா குடுங்க சம்பந்தி. உங்கம்மா பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

சம்பந்தியம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப்பெட்டி துணியைப் பிரித்து, பிரேமைக் கவிழ்த்து, பின்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். ஓர் ஆணி தெறித்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஓடியது. பலகையைத் தூக்கியதும், கீழ் மூலையில் தடித்த காகித மடிப்பு அப்படியே இருந்தது. அதை அவர் பிரிக்கவில்லை. எடுத்து நீட்டினார்.

"படம் சுத்தமா இருக்கணும்னு நான்தான் வெட்டினேன். வெட்டினதை மடிச்சு உள்ள வச்சேன். அன்னைக்கு நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

சம்பந்தியம்மா மெல்லப் பிரித்தார். முதல் மடிப்பில் செருப்புக் காலும் கோட்டின் நுனியும் வந்தன. அடுத்ததில் ஒரு கையும், கை இல்லாத ஒரு பக்கமும். அந்தப் பக்கத்துக் கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. கடைசி மடிப்பு மூக்கின் மேல் விழுந்திருந்தது. மேலே இரண்டு கண்கள், கீழே வாய், நடுவில் சாயம் உதிர்ந்த ஒரு வெள்ளைக் கோடு. அந்த மடிப்புக் கோட்டை நீவிவிடலாம் என்று கட்டை விரலால் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

"கையை ஒளிச்சுத்தான் வச்சிருக்கார்" என்றார். அம்மாவின் படத்துக்கு முன்னால் போய், துண்டை அதற்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியது. கடைசிப்பெட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுத் தரையில் ஒரு கல் பெயர்ந்து, சிமென்ட் பூசியிருந்தது. அதைத்தான் பார்த்தார், வேறெங்கும் பார்க்கிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். திட்டு வரவில்லை.

திரும்பி வந்த சம்பந்தியம்மா சமையலறைக்குப் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. தட்டோடு வந்தார்.

"சாப்பிடற நேரம். சாப்பிட்டுட்டுப் போங்க."

"சம்பந்தி, வேணாம்."

"சாப்பாட்டு நேரத்துல வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. உக்காருங்க."

சாப்பிட்டார். அப்பாவின் படத்துண்டைச் சம்பந்தியம்மா தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார். தட்டிலிருந்து நிமிர்ந்த போதெல்லாம், வெள்ளை மடிப்புக்கு மேலிருந்த அந்த இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. அவர் வாழ்நாளில் இவ்வளவு கூசிச் சாப்பிட்டதில்லை. இரண்டாவது தடவை சோறு போட வந்தபோது சம்பந்தியம்மா கேட்டார்.

"மத்த படங்கள்லயும் ஆள் நின்னாங்களா?"

"நின்னாங்க."

"அவங்களும் மடிச்சுத்தான் இருக்காங்களா?"

"ஆமாம். சிலரைக் குப்பையில போட்டுட்டேன்."

"அவங்களுக்கும் பிள்ளைங்க இருப்பாங்க இல்ல சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா, கோபமே இல்லாமல். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

கிளம்பும்போது பிரேமை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "பெட்டி உங்களுக்கு வேண்டியது. நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேண்டியது எனக்குக் கிடைச்சுடுச்சு." படியிறங்கிய பிறகு கூப்பிட்டார். "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா, உங்களை விட்டுக்குடுத்துப் பேசின மாதிரி ஆயிடும்."

வழியில் மண்டபம் திறந்திருந்தது, கண்காட்சி இன்னும் நடந்துகொண்டிருந்தது. உள்ளே போகவில்லை, சன்னல் வழியாகப் பார்த்தார். வரிசையாகச் சுத்தமான பெட்டிகள், ஒன்றிலும் ஓர் ஆள் இல்லை. பெரும்பாலானவற்றின் முதுகில் ஒருவர் மடங்கிக் கிடக்கிறார் என்பது அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் தெரியாது. சம்பந்தியம்மாவைப் போல இன்னொருவரும் தன் அப்பாவையோ தாத்தாவையோ தேடி வந்து நிற்கிறாரோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நடந்தார். நாளைக்கு முதல் வேலையாக எல்லாவற்றையும் இறக்க வேண்டும். செயலாளர் என்ன சொல்வார் என்ற கவலை, நேற்றுவரை பெரிதாக இருந்தது, இன்று எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கதவைத் திறந்தது மருமகள். அவர் கையிலிருந்த பிரேமை வாங்கியவள் ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். உள்ளே பெட்டிப் படம் சரிந்து, கண்ணாடியில் இடித்துக் கடகடவென்றது.

"என்ன மாமா, கண்ணாடி மாத்தப் போறேன்னீங்க. அப்படியேதானே இருக்கு? படம் வேற ஆடுதே, முன்னால நல்லா கெட்டியா இருந்துதே?"

அவர் உட்காரவில்லை. அவளை உட்காரச் சொன்னார்.

"அதை ஆடாம பிடிச்சுக்கிட்டிருந்தது உங்க தாத்தாதாம்மா" என்றார். "நான்தான் அவரை வெட்டி, மடிச்சு, உள்ள வச்சிருந்தேன்."